பதினேழில் இரண்டு

சூது என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம்மில் பலர் முகத்தைத் திருப்பிக்கொள்வது வழக்கம். திருக்குறளின் 94ஆம் அதிகாரம் முழுவதும் சூதைக் கடிவதற்கென்றே அமைந்தது. தமிழாசிரியனாகப் பணியாற்றிய நெடுங்காலத்தில் அந்த அதிகாரத்தைப் பலமுறை நடத்தியிருக்கிறேன். பொருள் சொல்வேன், மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள், தேர்விலும் பிழையின்றி எழுதிவிடுவார்கள். ஐயம் என்று எழுந்து நின்று கேட்டவர் எவருமில்லை. கெட்டது என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒன்றைப் பற்றி ஐயம் எழ வழியேது? அந்த ஐயத்தை முதன்முதலாக என்னிடம் எழுப்பியவன் என் அண்ணன் மகன். அவன் மாணவனாக இருந்தபோதும் கேட்கவில்லை. வளர்ந்து, வேலைக்குப் போய், கையில் ஊதியம் புழங்கத் தொடங்கிய பிறகே கேட்டான். அவனுக்கு விடை தேடப் புகுந்த வழியில் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஜொகூர் மாநிலத்தில், குளுவாங் வட்டாரத்து ரப்பர்த் தோட்டமொன்றில் நாங்கள் வளர்ந்தோம். அந்நாளில் சம்பள இரவு என்றாலே தோட்டத்துக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒரு முகம் கடன்காரர்களின் வரவும் கள்ளுக்கடையின் இரைச்சலும். மற்றொன்று, லயத்தின் கடைக்கோடி வீட்டில் பாய் விரித்து, மண்ணெண்ணெய் விளக்கை நடுவில் வைத்து, விடியும் வரை நடக்கும் சீட்டாட்டம். நிதானக்காரர்கள் ரம்மி ஆடுவார்கள். அவசரக்காரர்கள் மங்காத்தா ஆடுவார்கள். கேட்ட சீட்டு உள்ளே விழுகிறதா, வெளியே விழுகிறதா என்பதைத் தவிர மங்காத்தாவில் மனிதன் எண்ணிப் பார்க்க ஒன்றுமில்லை. என் அண்ணன் இரண்டையும் ஆடியவர். பால்வெட்டில் அவருக்கு நிகரில்லை என்று மண்டோரே சொல்வார். ஆனால் சீட்டைக் கையில் எடுத்துவிட்டால் அதைக் கீழே வைக்கும் மனம் மட்டும் அவருக்கு வாய்க்கவில்லை. "வந்த கையைப் போடுவதா? கடைசிச் சீட்டு வந்து சேரும்" என்பார். அது வந்து சேர்ந்ததைவிட அண்ணியின் தோடு அடகுக் கடைக்குப் போய்ச் சேர்ந்ததே மிகுதி. அண்ணன் மறைந்து இப்போது பல ஆண்டுகள் ஆகின்றன; அந்தத் தோட்டமும் செம்பனைக்கு மாறிவிட்டது.

அவருடைய இளைய மகன் மாசாயில் குடியிருந்து, நாள்தோறும் விடியலுக்கு முன்பே வேன் ஏறி, பாலம் கடந்து சிங்கப்பூர்த் தொழிற்சாலைக்குப் போய்வருபவன். அவனைப் போன்ற பல்லாயிரவர் அன்றாடம் அவ்வாறு கடக்கிறார்கள் என்பதை ஜொகூர்வாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவனும் அதே வேனில் போகும் தோழர்கள் சிலரும் சனிக்கிழமை இரவுகளில் ஒரு வாடகை வீட்டில் கூடிப் போக்கர் ஆடுகிறார்கள் என்று ஒருநாள் என் செவிக்கு எட்டியது. அண்ணனின் முகம் என் கண்முன் வந்து நின்றது. அவனை அழைத்து விசாரித்தேன். அவன் மறைக்கவுமில்லை, மழுப்பவுமில்லை.

"சித்தப்பா, அப்பா ஆடியதும் நான் ஆடுவதும் ஒன்றல்ல. அப்பா சீட்டை நம்பினார். நான் கணக்கை நம்புகிறேன். வேண்டுமானால் கணக்கைக் காட்டுகிறேன், நீங்களே பாருங்கள்" என்றான்.

சொன்னபடியே ஒரு தாளை எடுத்து எழுதிக் காட்டினான். ஆட்டம் அறியாதவர்க்காக அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொருவருக்கும் மறைவாக இரண்டு சீட்டுகள் கொடுக்கப்படும். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு மற்றொன்று என ஐந்து சீட்டுகள் திறக்கப்படும். இந்த ஏழில் சிறந்த ஐந்தைக்கொண்டு அமைவதே அவரவர் கை. ஒவ்வொரு கட்டத்திலும் பணம் வைத்துத் தொடரலாம். அல்லது சீட்டைப் போட்டுவிட்டு விலகலாம். அவர்கள் ஆடியது சிறு பணத்து ஆட்டம். ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளியில் தொடங்குவது.

கையில் கிடைக்கும் இரண்டு சீட்டும் ஒரே எண்ணாக இருந்தால் அது ஜோடி. இப்படி ஏதேனும் ஒரு ஜோடி வருவது சராசரியாகப் பதினேழு கைக்கு ஒருமுறை. அவற்றுள் ராஜா, ராணி, ஏஸ் போன்ற பெரிய ஜோடிகள் தம் வலிமையாலேயே நிற்கக் கூடியவை. இரண்டு முதல் ஆறு வரையுள்ள சிறு ஜோடிகளோ அத்தகையன அல்ல. நடுவில் திறக்கும் மூன்று சீட்டுகளில் அவற்றைவிடப் பெரியது ஒன்றேனும் வராமல் இருப்பது அரிது. எதிரே இருப்பவரிடம் அதற்கு இணையான சீட்டு இருந்துவிட்டால் சிறு ஜோடி அங்கேயே தோற்றுப்போகும். ஆகவே சிறு ஜோடிக்கு உள்ள பெரும் நம்பிக்கை ஒன்றே: அதே எண்ணில் மூன்றாவது சீட்டு நடுவில் வந்து விழ வேண்டும். இதைச் 'செட்' என்பர் ஆடுவோர். அது விழுந்துவிட்டால், மறைவில் இருப்பது வெளியே தெரியாத காரணத்தால், பெரிய ஜோடி வைத்திருப்பவர் தாமே முந்தியிருப்பதாக எண்ணித் தம் பணம் முழுவதையும் கொண்டுவந்து கொட்டுவார்.

அந்த மூன்றாவது சீட்டு எத்தனை முறை வரும்? மீதமுள்ள 50 சீட்டுகளில் நமக்கு வேண்டியவை இரண்டு மட்டுமே. முதல் மூன்று சீட்டுகளில் அவற்றுள் ஒன்றேனும் விழும் வாய்ப்பு நூற்றுக்கு 11.8. எளிதாகச் சொன்னால் பதினேழு முறைக்கு இரண்டு முறை. ஒவ்வொரு முறையும் சீட்டைத் தொடர 10 வெள்ளி கொடுக்க வேண்டியிருந்தால், பதினைந்து முறை 150 வெள்ளி போகும். மீதி இரண்டு முறை சேர்ந்து அந்த 150ஐத் திருப்பித் தந்தால்தான் கைப்பிடித்தம் இல்லை. செட் விழுந்தும் எதிராளி பணம் தராமல் விலகிப்போவதுண்டு. அவரிடம் அதைவிடப் பெரிய கை அமைந்து நாம் தோற்பதுமுண்டு. ஆகவே எதிராளியின் முன் குறைந்தது 150 வெள்ளியாவது, அதாவது நாம் வைப்பதைப்போல் பதினைந்து மடங்காவது, இருந்தாலொழிய சிறு ஜோடியோடு உள்ளே நுழையலாகாது. நுழைந்தும் மூன்றாவது சீட்டு விழாவிட்டால் அடுத்த கணமே போட்டுவிட வேண்டும். இதுவே அவன் காட்டிய கணக்கின் சாரம்.

நான் அந்தத் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கணக்கில் பிழையில்லை. அதைவிட என்னைத் தொட்டது வேறொன்று. பதினேழில் பதினைந்து முறை வருத்தமின்றிக் கீழே வைக்கத் தெரிந்தவனுக்கே இந்தக் கணக்கு பயன்படும். தந்தை வாழ்நாள் முழுவதும் கற்காத ஒன்றை மகன் கற்றிருந்தான். தமிழ்நாட்டு ரம்மிக்காரர்களிடமும் இந்த ஞானம் உண்டு: 101 புள்ளி ஆட்டத்தில், வந்த கை சரியில்லை என்று தொடக்கத்திலேயே போட்டுவிட்டால் 20 புள்ளி, நடுவில் போட்டால் 40, பிடித்துக்கொண்டிருந்து பிறர் முடித்துவிட்டால் 80 வரை ஏறும். விலகுவதற்கும் ஒரு விலை உண்டு, விலகாமைக்கு அதைவிடப் பெரிய விலை உண்டு என்பதை அந்தப் புள்ளிகளே சொல்கின்றன. என் அண்ணன் எப்போதும் 80ஐயே தேடிப் போனவர்.

சூதும் கணக்கும் உறவுடையவை என்பது புதிய செய்தியன்று. பிரான்சு நாட்டில் பாஸ்கல், பெர்மா என்னும் இருவர், பாதியில் நின்றுபோன ஆட்டத்தின் பந்தயப் பணத்தை எவ்வாறு பங்கிடுவது என்று 1654ஆம் ஆண்டு எழுதிக்கொண்ட கடிதங்களிலிருந்தே நிகழ்தகவு என்னும் கணிதத்துறை வளர்ந்தது. நம் மரபில் இதற்கும் முந்திய சான்று நளன் கதையில் இருக்கிறது. நாட்டைச் சூதில் இழந்த நளன் இருதுபன்னனின் தேரோட்டியாக விதர்ப்பநாடு நோக்கிச் செல்கிறான். வழியில் ஒரு தான்றி மரத்தைக் கண்ட அரசன், அதன் இலையையும் காயையும் ஒரு பார்வையிலேயே எண்ணிச் சொல்கிறான். நளன் தேரை நிறுத்தி எண்ணிப் பார்க்கிறான், எண்ணிக்கை ஒத்துப்போகிறது. எண்ணும் கலையை அரசன் நளனுக்குத் தருகிறான். குதிரை செலுத்தும் கலையை நளன் அரசனுக்கு ஈடாகத் தருகிறான். அக்கணமே கலி அவனைவிட்டு நீங்கினான் என்கிறது மகாபாரதம். வேதகாலத்தில் சூதாடுகாயாகப் பயன்பட்டதும் இந்தத் தான்றியின் காயே என்பதை நினைத்தால், கதை சொன்னவரின் நுட்பம் விளங்கும். எந்தக் காய் நளனைக் கெடுத்ததோ அதை எண்ணக் கற்றபோது அவன் மீண்டான்.

என் மகன்முறையானவனும் இந்தக் கதையைத்தான் எனக்கு எதிராக எடுத்து வைத்தான். "நளனும் கணக்கைக் கற்ற பிறகு மறுபடி ஆடித்தானே நாட்டை மீட்டான், சித்தப்பா? வள்ளுவர் சொன்னது கணக்கு அறியாதவருக்கு. அவர்கள் ஒன்றைப் பெற நூற்றைத் தொலைப்பவர்கள். நான் அதைத் திருப்பிப் போட்டிருக்கிறேன். சிறிது சிறிதாகப் பதினைந்து முறை இழந்து, இரண்டே முறையில் சேர்த்து வாங்குகிறேன். இதில் தவறு எங்கே?"

இதுவே நான் முன்பு சொன்ன ஐயம். நீதிமன்றங்களையும் சட்டமன்றங்களையும் நெடுங்காலமாக அலைக்கழிப்பதும் இதுவே. ரம்மி பெரிதும் திறமையைச் சார்ந்த ஆட்டம் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1968ஆம் ஆண்டிலேயே கூறியது. இணையவழி ரம்மியையும் போக்கரையும் தடைசெய்யத் தமிழ்நாடு 2022ஆம் ஆண்டு சட்டம் இயற்றியபோது, அவ்விரண்டையும் வாய்ப்பு விளையாட்டு என்று வகுத்த பகுதியைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் நீக்கியது. 2025 ஆகஸ்டிலோ இந்திய நாடாளுமன்றம், திறமையா வாய்ப்பா என்று பாராமல், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. நம் நாட்டில் 1953ஆம் ஆண்டுப் பொதுச் சூதாட்ட விடுதிகள் சட்டம், சூதாட்டக் களம் நடத்துவோரை மட்டுமன்றி அங்கு ஆடுவோரையும் தண்டிக்க வழிசெய்கிறது. அக்கரையிலோ 2010ஆம் ஆண்டிலேயே இரண்டு பெரிய சூதாட்டக் கூடங்கள் திறக்கப்பட்டுவிட்டன. சட்டத்தை எடுத்துச் சொல்லி அவனை எச்சரித்தேன். ஆனால் சட்டத்துக்கு அஞ்சி விடுவது வேறு, விளங்கி விடுவது வேறு. ஓர் ஆசிரியன் முதலாவதோடு நின்றுவிட முடியாது.

எனவே அவன் கணக்கையே நான் கொஞ்சம் நீட்டிப் பார்த்தேன். இரண்டு முதல் ஆறு வரையுள்ள சிறு ஜோடிகளில் ஒன்று கைக்கு வருவது ஏறத்தாழ 44 கைக்கு ஒருமுறை. அதில் செட் விழுவது எட்டரை முறைக்கு ஒருமுறை. இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 375 கை. ஒரு மணி நேரத்தில் 25 கை ஆடுவதாக அவனே சொன்னான். அப்படியானால் ஒரேயொரு செட்டுக்குப் பதினைந்து மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். அது மூன்று சனிக்கிழமை இரவுகள். நாள்தோறும் விடியலுக்கு முன் எழுந்து போகிறவனுக்கு வாரத்தில் கிடைக்கும் ஓய்வே அந்த இரவுதான்.

"உண்மைதான்; ஆனாலும் கணக்கு ஆதாயத்தில்தானே நிற்கிறது" என்றான்.

"ஆதாயம் எங்கிருந்து வருகிறது, தம்பி?" என்று கேட்டேன்.

"சீட்டிலிருந்து" என்று தொடங்கியவன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

சீட்டு எவருக்கும் ஆதாயம் தருவதில்லை. எல்லோருக்கும் ஒரே விழுக்காட்டில்தான் ஜோடி வருகிறது, ஒரே விழுக்காட்டில்தான் செட் விழுகிறது. சிறு ஜோடிக்காரனின் ஆதாயம் முழுவதும், எதிரே அமர்ந்து, பெரிய ஜோடியைக் கீழே வைக்க மனமில்லாமல் தவிப்பவரிடமிருந்தே வர வேண்டும். அவனுடைய தாளில் 'எதிராளியின் முன் பதினைந்து மடங்கு' என்று எழுதியிருந்ததே, அந்த எதிராளி யார் என்று தாளில் எழுதியிருக்கவில்லை.

அது யார் என்பது சில வாரங்களுக்குப் பின் தெரிந்தது. அன்றிரவு அவன் கையில் இரண்டு நான்குகள். எதிரே அமர்ந்திருந்தவர் அதே வேனில், அதே வரிசையில் உட்கார்ந்து வருபவர். இவனைவிட மூத்தவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தந்தை. தொடக்கத்தில் இழந்ததை மீட்கும் எண்ணத்தில், வீட்டு வாடகைக்கென்று வைத்திருந்த 400 வெள்ளியையும் அவர் மேசைமேல் கொண்டுவந்து வைத்திருந்தார். அவர் கையில் இரண்டு ஏஸ்கள். நடுவில் நான்கு, ஒன்பது, ராஜா விழுந்தன. அவர் பணம் வைத்தார், இவன் தொடர்ந்தான். அவர் கூட்டினார், இவனும் கூட்டினான். கடைசி வெள்ளி வரை நடுவில் போய்ச் சேர்ந்தது. அவரைக் காப்பாற்றக் கட்டில் மீதியிருந்தவை பெரும்பாலும் இரண்டே ஏஸ்கள். அவை வரவில்லை.

"கணக்குப்படி ஒரு சிறு பிழைகூட இல்லை, சித்தப்பா. நான் படித்ததெல்லாம் அப்படியே நடந்தது. ஆனால் பணத்தை என் பக்கம் இழுத்தபோது அவர் முகத்தைப் பார்த்தேன். அது அப்பாவின் முகமாக இருந்தது" என்றான்.

திங்கட்கிழமை வேனில் அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க முயன்றிருக்கிறான். அவர் வாங்கவில்லை. "ஆட்டத்தில் போனது போனதுதான். பிச்சையாக வாங்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். தோற்றவனின் கடைசி உடைமை அவனது மானம். அதையும் வாங்கிக்கொள்ள இவனுக்கு மனம் வரவில்லை. கையில் இருந்த பணம் செலவழிக்கவும் முடியாமல், கொடுக்கவும் முடியாமல் கனத்தது. என்ன செய்வது என்று கேட்டான்.

நான் அறிவுரை ஏதும் பெரிதாகச் சொல்லவில்லை. "பணத்தை வாங்க மறுப்பவர் பாடத்தை மறுக்கமாட்டார். எனக்குக் காட்டிய தாளை அவருக்கும் காட்டேன்" என்றேன்.

அவன் அப்படியே செய்தான். வேன் நெரிசலில் நிற்கும் நேரம் நீண்டதல்லவா? அந்த நேரத்தில் பதினேழில் இரண்டு என்னும் கணக்கை அவருக்கு விளக்கினான். சிறு ஜோடிக்காரன் எதற்காகப் பத்து வெள்ளி கொடுத்து உள்ளே வருகிறான், அவன் திடீரென்று பணத்தைக் கூட்டினால் ஏஸ் ஜோடியையும் ஏன் கீழே வைக்க வேண்டும், வாடகைப் பணம் ஏன் மேசைக்கு வரலாகாது என்பதையெல்லாம் சொன்னான். பக்கத்து இருக்கைக்காரர்களும் கேட்டார்கள். அந்த வேன் கொஞ்ச நாளைக்கு ஒரு கணித வகுப்பாக மாறிவிட்டது.

விளைவு வியப்பானது. இரண்டு மாதங்களுக்குள் அந்தச் சனிக்கிழமை ஆட்டம் தளர்ந்துபோயிற்று. எல்லோரும் போடக் கற்றுக்கொண்டார்கள். செட் விழுந்தவனுக்குப் பணம் கொடுக்க எவருமில்லை. பதினைந்து முறை இழந்தவன் இரண்டு முறையில் மீட்க முடியவில்லை. கணக்கு மாறவில்லை, கணக்கு அறியாதவர் மட்டும் இல்லாமற்போனார். மேசை தானே கலைந்தது. எல்லாம் நன்றாக முடிந்தது என்று எழுதிவிட எனக்கும் ஆசைதான். ஆனால் அவர்களுள் இருவர் கைப்பேசியில் முகந்தெரியாதவர்களோடு ஆடப் போய்விட்டதாகக் கேள்வி. அந்த மூத்தவர் ஆட்டத்தை விட்டார். அண்ணன் மகனும் விட்டான். அந்த 400 வெள்ளியை அவருடைய பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்குக் கடனென்று சொல்லிக் கொடுத்தான். கடன் என்றதனால் அவரும் பெற்றுக்கொண்டார். சிறு சிறு தொகையாகத் திருப்பியும் வருகிறார்.

அவன் எழுப்பிய ஐயத்துக்கு இப்போது என்னால் விடை சொல்ல முடியும். சூதில் திறமை இல்லை என்பது என் வாதமன்று. திறமை உண்டு, பொறுமை உண்டு, தன்னை அடக்கும் உரமும் உண்டு. ஆனால் இருதுபன்னனும் நளனும் தம் கலைகளை மாற்றிக்கொண்டபோது இருவரிடமும் இரண்டு கலைகள் இருந்தன. எவரும் எதையும் இழக்கவில்லை. சீட்டு மேசையின் அறிவோ, பக்கத்தில் இருப்பவரிடம் அது இல்லாதவரையில்தான் காசாகிறது. அவருக்கும் சொல்லிக் கொடுத்த நாளிலேயே அதன் வரும்படி நின்றுவிடுகிறது. அண்டை வீட்டான் அறியாமல் இருக்க வேண்டும் என்று உள்ளூர விரும்பச் செய்யும் அறிவை, அது எத்துணைக் கூர்மையுடையதாயினும், கல்வி என்று அழைக்க என் மனம் ஒப்பவில்லை.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். சூது அதிகாரத்தை நடத்தும்போது பொருள் கூறுவதோடு நின்றுவிடாதீர்கள். இன்றைய மாணவன் கைப்பேசியில் அந்த மேசையை எப்போதும் உடன்கொண்டு திரிகிறான். ஆட்டம் கெட்டது என்ற ஒரு சொல் அவனைத் தடுக்காது. 52 சீட்டுகளையும் கரும்பலகையில் எழுதி, பதினேழில் இரண்டு என்னும் கணக்கை அவனையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கணக்கு முடிந்ததும், "அந்த இரண்டு முறையும் பணம் தருபவர் யார்?" என்று கேளுங்கள். அவன் விடை தேடட்டும். வள்ளுவர் சொன்னதற்கு அவன் அதன் பிறகு பொருள் எழுதினால், அது உரைநூலிலிருந்து எடுத்ததாக இராது.